அம்மா அணைத்துவிடும் விளக்கு

வீடுகளுக்கு வயரிங் இழுக்கிற, ஃபால்ஸ் சீலிங் போடுகிற, விளக்கு மாட்டுகிற அண்ணன் தம்பிகளுக்கு,

நீங்கள் வேலை முடித்துக் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறவள் எழுதுகிறேன். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் வீட்டில் அம்மா பட்ட பாட்டிலிருந்து நான் தெரிந்துகொண்டது உங்கள் காதுக்கு வந்து சேர வேண்டும். அதைச் சரிசெய்கிற ஸ்க்ரூடிரைவர் உங்கள் கையில்தானே இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பால் காய்ச்சிக் குடிபோனோம். அடுப்படியில் மட்டும் ஆறு பட்டன் லைட். விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாம் "ராத்திரியிலும் பகல் மாதிரி இருக்கே" என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அப்போது 71 வயது. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. இடது கண்ணில் புரை தொடங்கியிருந்தது. குடிபோன மறுவாரம் அம்மா துவரம்பருப்பை முறத்தில் எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில், பொழுது சாய்ந்ததும் அடுப்படி விளக்கு முழுவதையும் அணைத்துவிட்டு, ஹாலிலிருந்து வருகிற வெளிச்சத்திலேயே சமைக்க ஆரம்பித்தாள். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒரு நாள் விளக்குகள் எரியும்போது அவளைப் பார்த்தேன். இடது கையை விரித்துப் புருவத்துக்கு மேலே சன்ஷேடு மாதிரி வைத்திருந்தாள். வலது கை மட்டும் பருப்பைத் தள்ளித் தள்ளிக் கல் தேடிக்கொண்டிருந்தது. "என்னம்மா?" என்றேன். "கண்ணு கூசுதுடி. கல்லு தெரியல" என்றாள்.

கூசவும் செய்கிறது, தெரியவும் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. விளக்கு மாட்டிய தம்பியை அழைத்து, "அம்மாவுக்கு வெளிச்சம் பத்தல" என்று சொன்னேன். அவர் மறுநாளே வந்து 6 வாட்டை எல்லாம் எடுத்துவிட்டு 12 வாட் போட்டுவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை, நான் சொன்னதைச் செய்தார். அன்றிலிருந்து அம்மா அடுப்படி ஸ்விட்ச்சைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

பிறகு கண் மருத்துவர் விளக்கமாகச் சொன்னார். நானும் தேடித் தேடிப் படித்தேன். கண்கூச்சத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பார்வையையே மறைப்பது. எதிரே வரும் லாரி ஹைபீம் அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற சைக்கிள்காரர் தெரியாமல் போகிறாரே, அது. இன்னொன்று, பார்வைக்குக் குறையே இருக்காது, எல்லாம் தெரியும். ஆனால் உட்கார்ந்திருக்கவே பிடிக்காது, சாயங்காலம் நெற்றி விண்விண் என்று தெறிக்கும். இந்த இரண்டாவது வகைக்காரர்கள் யாரும் உங்களிடம் வந்து விளக்கைக் குறை சொல்ல மாட்டார்கள். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது.

முதல் வகை எப்படி வருகிறது என்றால், விளக்கிலிருந்து கண்ணுக்குள் போகும் ஒளி முழுவதும் ஒழுங்காக ஓர் இடத்தில் போய் விழுவதில்லை. கருவிழியிலும் லென்ஸிலும் பட்டுக் கொஞ்சம் சிதறுகிறது. சிதறியது விழித்திரை மேல் ஒரு வெள்ளைப் புகை மாதிரிப் படர்கிறது. அந்தப் புகைக்குப் பின்னால்தான் பருப்பும் கல்லும் கிடக்கின்றன. மழையில் நனைந்த வண்டிக் கண்ணாடி எதிர்வெளிச்சத்தில் வெள்ளையாகிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். வயதான லென்ஸ் அப்படிப்பட்ட கண்ணாடி.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. வியன்னாவில் இருக்கும் பன்னாட்டு ஒளியூட்ட ஆணையம் 2002-ல் வெளியிட்டது. வயதை 70-ஆல் வகுத்து, வருகிற எண்ணை நான்கு தடவை ஒன்றோடொன்று பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். 35 வயதுக்காரருக்கு 1.06 வரும். 70 வயதுக்காரருக்குச் சரியாக 2. 83 வயதில் கிட்டத்தட்ட 3. ஒரே விளக்கு, ஒரே இடம். ஆனால் என் மகனுக்கு ஒரு பங்கு புகை, அம்மாவுக்கு இரண்டு பங்கு, 83 வயதுக்காரருக்கு மூன்று பங்கு. இது நோய் இல்லாத கண்ணுக்கான கணக்கு. புரை வந்தால் இதற்கும் மேலே போகும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வயதாக ஆகக் கண் பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்பார்கள். ஆகவே பெரியவர்களுக்கு வெளிச்சம் நிஜமாகவே அதிகமாக வேண்டும். ஆனால் அது பருப்பின் மேல் விழ வேண்டும், கண்ணுக்குள் விழக் கூடாது. நான் அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இதுதான்.

அந்த ஆணையத்தின் கணக்கில் இன்னொரு பாதி உங்களுக்கு நேரடியாக உதவும். பார்க்கிற திசைக்கும் விளக்குக்கும் நடுவே உள்ள கோணம் இருமடங்கானால் புகை கால் பங்காகக் குறையும். 10 டிகிரியில் இருக்கிற விளக்கை 20 டிகிரிக்குத் தள்ளினால் போதும். புது விளக்கு வேண்டாம், கூடுதல் வாட் வேண்டாம், ஓட்டை போடுகிற இடத்தை மாற்றினால் போதும். ஆனால் எந்தத் திசையில் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிய வேண்டுமே? அதற்கு, அங்கே யார் நிற்கப்போகிறார்கள், எந்தப் பக்கம் முகம் வைக்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும். சீலிங்கைச் சதுரம் சதுரமாகப் பிரித்து நடுநடுவே பாயின்ட் வைத்தால் வரைபடத்தில் அழகாக இருக்கும். அதற்குக் கீழே மனிதர் நிற்பது வரைபடத்தில் இருக்காது.

எங்கள் அடுப்படியில் நடந்தது அதுதான். ஆறு விளக்கும் இரண்டு வரிசையாக இருந்தன. மேடையைப் பார்த்து நின்றால் ஒரு வரிசை முதுகுக்குப் பின்னால், மறு வரிசை தலைக்குச் சற்று முன்னால். அம்மாவின் தலை நிழல் சரியாக வெங்காயம் நறுக்கும் பலகையில் விழும். மேடையோ பாலீஷ் போட்ட கறுப்பு கிரானைட். முன்வரிசை விளக்கு மேலிருந்து கூசுவது போதாதென்று, குனிந்தால் கிரானைட்டுக்குள்ளிருந்தும் புள்ளி புள்ளியாக முகத்தில் அடிக்கும். கையும் கத்தியும் நிழலில், அதைச் சுற்றிப் பளபளப்பு.

தரையும் அப்படித்தான். கண்ணாடி மாதிரி மின்னுகிற விட்ரிஃபைடு டைல்ஸ். ஹால் விளக்குகள் அதில் நீள நீளமாகத் தெரியும். ஒரு நாள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் இடத்தைச் சுற்றிப் போனாள். "தண்ணி கொட்டிக் கிடக்கு, பாத்து நட" என்று என்னிடமும் சொன்னாள். தண்ணீர் இல்லை, சீலிங் விளக்கின் பிம்பம். வழுக்காத இடத்தில் வழுக்கும் என்று பயந்து நடக்கிற பெரியவர், நிஜமாகவே தண்ணீர் கொட்டிய அன்று அதையும் விளக்கு என்று நினைத்து மிதித்துவிடலாம். எங்கள் தாத்தா வீட்டில் சிவப்பு சிமென்ட் தரையும் சுண்ணாம்பு அடித்த சுவரும் இருந்தன. தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே வருவதற்குள் வெயில் நாலு இடத்தில் பட்டு மிருதுவாகிவிடும். பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை, அந்த வீட்டில் மூலையெல்லாம் இருட்டு. ஆனால் அங்கே வெளிச்சம் வந்த வழி கண்ணுக்கு உகந்த வழி.

இரண்டாவது வகைக் கூச்சம், அதாவது தொந்தரவு செய்யும் கூச்சம், இன்னும் சிக்கலானது. பிரிட்டனில் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஹாப்கின்சன் என்பவர் 1950-ஐ ஒட்டி இதை ஆராய்ந்தார். ஆட்களை உட்கார வைத்து விளக்கைக் கூட்டிக் குறைத்து, இப்போதுதான் தெரிகிறது, இதுவரை பொறுக்கலாம், இனி சங்கடம், இனி தாங்காது என்று நான்கு படிகளில் சொல்லச் சொன்னார். ஒருவர் 'பொறுக்கலாம்' என்ற இடத்தில் இன்னொருவர் 'தாங்காது' என்பார். இன்றுவரை இந்த ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாருக்கும் இதே அனுபவம்தான். விளக்குப் பெட்டியில் கூச்சத்தை அளக்கும் எண்ணாக யூ.ஜி.ஆர் 19 என்று போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அலுவலகத்தில் எழுதவும் கம்ப்யூட்டர் பார்க்கவும் உள்ள அறைகளுக்கு ஐரோப்பியத் தரம் வைத்த உச்சவரம்பு அது. அந்தக் கணக்கில் விளக்கின் ஒளிர்வு, அதன் பரப்பு, கண்ணுக்கு அது இருக்கும் இடம், பின்னணியின் வெளிச்சம் எல்லாம் உண்டு. பார்க்கிறவரின் வயது இல்லை, புரை இல்லை, ஒற்றைத் தலைவலி இல்லை. அந்த எண்ணை நம்பலாம். அதை மட்டுமே நம்பக் கூடாது.

ஆனாலும் அந்தக் கணக்கில் இரண்டு விஷயம் உங்கள் வேலைக்கு ரொம்ப முக்கியம். ஒன்று, ஒளிர்வு இருமடங்கானால் கூச்சம் நான்கு மடங்காகக் கணக்கில் ஏறும். பரப்பு இருமடங்கானால் இரண்டு மடங்குதான் ஏறும். பழைய நாலடி டியூப் லைட்டின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10,000 கேண்டெலா. மூடி இல்லாத எல்.இ.டி சில்லின் ஒளிர்வு பத்து லட்சத்தையும் தாண்டும். டியூப் லைட் நாலடி நீளத்துக்குப் பரப்பிக் கொடுத்த வெளிச்சத்தை மிளகு அளவு இடத்திலிருந்து பீய்ச்சினால் கண் என்ன செய்யும்? பால் நிற மூடி போட்டது, சில்லு உள்ளே ஆழமாகப் பதிந்தது, வெளிச்சத்தைச் சுவரிலோ கூரையிலோ அடித்துத் திருப்பி அனுப்புவது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். இரண்டு, பின்னணி இருட்டாக இருந்தால் அதே விளக்கு அதிகமாகக் கூசும். டிவிக்குப் பின்னால் கரும்பழுப்பு டெக்ஸ்சர் பெயின்ட் அடித்து, அதன் மேல் நாலு ஸ்பாட் லைட் வைப்பது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. சுவர் வெளிறியதாக இருந்திருந்தால் அந்த நான்கு விளக்கும் இவ்வளவு உறுத்தியிருக்காது.

எல்.இ.டி மேல் எனக்குக் கோபம் இல்லை. அரசு மொத்தக் கொள்முதலில் 2014-ல் 310 ரூபாயாக இருந்த பல்பு 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது பெரிய காரியம். ஆனால் விளக்கு மலிவானதும் ஒரு விளக்கு இருந்த இடத்தில் நாலு வந்துவிட்டது. பாயின்ட் கணக்கில்தான் உங்களுக்குக் கூலி என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் நாலு போதும் என்றால் உங்கள் வருமானம் குறைகிறது. அதனால் இதை வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பாயின்ட்டை எண்ணிக் கூலி கொடுக்காமல், விளக்கு எங்கே வர வேண்டும் என்று யோசித்துச் சொல்கிற மூளைக்குக் கூலி கொடுங்கள்.

ஒரே ஆளுக்கே கூச்சம் நேரத்துக்கு நேரம், வேலைக்கு வேலை மாறும். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில் காலையில் தாங்காத வெளிச்சத்தை, பொழுது ஏற ஏற ஆட்கள் அதிகம் தாங்கினார்கள். நீங்களோ வீட்டுக்காரருக்கு விளக்கை எரித்துக் காட்டுவது சாயங்காலம், எல்லாரும் நின்றுகொண்டு, சந்தோஷமாக இருக்கும்போது. அந்த வீட்டுப் பெண் அந்த அடுப்படிக்குள் முதலில் நுழைவது விடிகாலை நாலரை மணிக்கு, இருட்டுக்குப் பழகிய கண்ணோடு. ஒரே ஸ்விட்ச்சில் ஆறும் எரிந்தால் அது முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். இரண்டு ஸ்விட்ச்சாகப் பிரித்துக் கொடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பார்க்கிற பொருளும் கணக்கில் வரும். துவாய்சரோன், டிரெஜென்சா என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜன்னலுக்கு வெளியே பார்க்க ரசமான காட்சி இருந்தால் அதே அளவு வெளிச்சம் குறைவாகவே கூசுவதாகக் கண்டார்கள். மறுபக்கம், கண்ணைக் கூர்மையாக்கிச் செய்கிற வேலை கடினமாக ஆக, அதே விளக்கு அதிகம் உறுத்தும். ஹாலில் கிரிக்கெட் பார்க்கிற என் மகனுக்கு "லைட் சூப்பரா இருக்கு". அதே ஹாலில் ஊசியில் நூல் கோக்கிற அம்மாவுக்கு நரகம். இருவரும் சொல்வது உண்மை. நீங்கள் கேட்பது வழக்கமாக மகனிடம்தான்.

சிலருக்கு உடம்பே அப்படி. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வெளிச்சம் வலியைக் கூட்டும், வலி இல்லாத நாளிலும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கூசும். பாஸ்டனில் பர்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2010-ல் வெளியிட்டது என்னை உலுக்கியது: எதையும் பார்க்க முடியாத பார்வையற்றவர்களில்கூட, வெளிச்சம் இருக்கிறது என்று மட்டும் உணர முடிந்தவர்களுக்குத் தலைவலியின்போது வெளிச்சம் பட்டால் வலி ஏறியது. ஆகவே "சும்மா சொல்றாங்க" என்று யாரையும் தள்ளிவிடாதீர்கள். விழியில் நிறமி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குச் சாதாரண வெளிச்சமே கூசும். நம் ஆட்களின் கருத்த விழி ஒரு வகையில் திரைச்சீலை. வெளிர்ந்த கண்களைவிடக் கருங்கண்ணில் ஒளி கசிவது குறைவு. அந்தத் திரை இல்லாத குழந்தைக்கு நாம்தான் திரை போட்டுக் கொடுக்க வேண்டும். கண் வறட்சி உள்ளவர்கள், சர்க்கரையால் கண் பாதித்தவர்கள், கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடியையே மாற்றாமல் ஓட்டுகிறவர்கள், இவர்களும் உண்டு. மதுரையில் 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்து விலையைக் குறைத்த பிறகு, புரை எடுத்த கண் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு கண்ணில் எடுத்து மறு கண்ணில் எடுக்காத இடைக்காலத்தில் ஒரே விளக்கு இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமாகத் தெரியும். அம்மா ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிக் காட்டினாள்: "இதுல நீலமா வெட்டுது, இதுல பூ மாதிரி விரியுது."

படுக்கையறையையும் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கிறவருக்கு நேர்ப்பார்வையே கூரைதான். கட்டிலுக்கு நேர் மேலே பட்டன் லைட் வைத்தால், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் எழுந்திருக்க முடியாத பெரியவரும் நாள் பூராவும் அதையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். "திரும்பிப் படு" என்று சொல்ல முடியாத ஆட்கள் அவர்கள். விளக்கைத் தலைமாட்டுச் சுவருக்குக் கொண்டு போங்கள். ராத்திரி பாத்ரூமுக்குப் போகிற வழியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு, கீழ் நோக்கி.

எங்கள் வீட்டை அந்தத் தம்பிதான் மறுபடி வந்து சரிசெய்தார். வேலையைத் தொடங்கும் முன் நான் அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அம்மாவை மேடை முன்னால் நிற்க வைத்து, "பாட்டி, கையைப் புருவத்து மேல வைங்க. இப்ப எடுங்க" என்று சொல்லச் சொன்னேன். விளக்குத் துறையில் உள்ளவர்களே செய்து பார்க்கிற சோதனை இது. கை வைத்ததும் ஆசுவாசமாக இருந்தால் அங்கே கூச்சம் இருக்கிறது. அம்மா அத்தனை நாளும் அந்தச் சோதனையைத்தான் தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். கை வைத்ததும் அவள் முகத்தில் நெற்றிச் சுருக்கம் கலைந்ததை அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே மேடை முன்னால் நின்று குனிந்து, அம்மா உயரத்துக்கு முழங்காலை மடக்கி, கிரானைட்டைப் பார்த்தார்.

ஆறில் நான்கைக் கழற்றினார். மிச்சம் இரண்டுக்கும் பழையபடி 6 வாட், பால் மூடி. மேல் கப்போர்டின் அடியில், முன் விளிம்புக்குப் பின்னால் ஒளித்து, வார்ம் ஒயிட் பட்டை விளக்கு ஒன்று. வெளிச்சம் பலகையில் மட்டும் விழும்படி. பளபளப்பு தெரியாமல் இருக்க மேடையில் பருப்பு பார்க்கிற இடத்தில் ஒரு மரப்பலகை. ஒரு சாயங்கால வேலை. கழற்றிய நான்கு ஓட்டைக்கும் வெள்ளை மூடி போட்டார். கொஞ்சம் அசிங்கமாகத்தான் தெரிகிறது. இருக்கட்டும்.

கிளம்பும்போது அவர் கேட்டது இது: "அக்கா, எங்க அம்மாவும் லைட்டை அணைச்சுட்டு இருட்டுல உக்காந்திருக்கும். நான் திட்டிருக்கேன். இன்னைக்குப் போய்ப் பாக்கணும்."

உங்களில் யாருக்காவது இதில் சந்தேகம் இருந்தால், அடுத்த வீட்டில் டெம்பரரி ஒயர் இழுத்து ஒரு விளக்கைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் வயதில் மூத்தவரை அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார வையுங்கள். விளக்கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி, "இப்ப எப்படி இருக்கு? இப்ப?" என்று கேளுங்கள். அவர் கை புருவத்துக்குப் போகாத இடத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள்.

அன்புடன்,
நீங்கள் விளக்கு மாட்டிய ஒரு வீட்டிலிருந்து உங்கள் சகோதரி